ஜன்னல் திறக்குமா? ஆஸ்திரேலியாவின் 14 நாள் ஹோட்டல் தனிமை

கோவிட் பெருந்தொற்றின்போது ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி வந்தவர்களிடம் அந்த 14 நாட்களைப் பற்றிக் கேட்டால், சாப்பாட்டையும் கட்டணத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஜன்னலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஜன்னல் திறந்ததா, இல்லையா. பால்கனி இருந்ததா. வெளியே தெரிந்தது துறைமுகமா, பக்கத்துக் கட்டடத்தின் சுவரா. விமான நிலையத்திலிருந்து போலீஸ் காவலோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். சிட்னியில் பெட்டிகளைத் தூக்கிவைக்க ராணுவ வீரர்கள் நின்றார்கள். எந்த ஹோட்டலுக்குப் போகிறோம் என்பது பலருக்கு பஸ் போய் நிற்கும்வரை தெரியாது. அறைக்குள் நுழைந்து கதவு சாத்தப்பட்டதும், ஜன்னல் ஓரத்தில் கைப்பிடி ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்க்காதவர்கள் குறைவு.

அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஆஸ்திரேலியத் தனிமைப்படுத்தலின் கதை முழுவதையும் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எது நன்றாக நடந்தது, எங்கே சறுக்கியது, கடைசியில் இந்தியாவிலிருந்து வரவிருந்த சொந்தக் குடிமக்களுக்கே எப்படிக் கதவு அடைக்கப்பட்டது என்ற எல்லாமே திறக்காத அந்த ஜன்னலில் வந்து முட்டுகின்றன.

2020 மார்ச் 20 அன்று ஆஸ்திரேலியா வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது. குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் மட்டும் வரலாம். வந்து தங்கள் வீட்டிலேயே 14 நாள் தனித்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் அது போதாது என்று தெரிந்துவிட்டது. நாட்டில் அப்போது பதிவான தொற்றுகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு வந்தது. மார்ச் 27 அன்று பிரதமர் ஸ்காட் மோரிசன் புதிய விதியை அறிவித்தார். மறுநாள் நள்ளிரவிலிருந்து வந்திறங்கும் ஒவ்வொருவரும், இறங்கிய நகரத்திலேயே, அரசு காட்டும் ஹோட்டலில் 14 நாள் இருந்தாக வேண்டும். பக்கத்துத் தெருவில் சொந்த வீடு பூட்டிக் கிடந்தாலும் விலக்கு இல்லை. ஏற்பாடுகளுக்குக் கிடைத்தது இரண்டு நாளுக்கும் குறைவான நேரம். சுற்றுலா நின்றுபோய் நகர மையத்தின் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் காலியாகக் கிடந்ததால் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அவசரத்தில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. அதே ஹோட்டல்களை ஒன்றரை ஆண்டுக்கு மேல் நம்பியிருந்ததைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை.

14 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. முதல் அலையின் வைரஸ் உடலில் புகுந்தபின் அறிகுறி தெரிவதற்குச் சராசரியாக 5 நாள் பிடித்தது. அறிகுறி காட்டப்போகிற 100 பேரில் 97 பேருக்கு மேல் பதினொன்று, பன்னிரண்டு நாளுக்குள் காட்டிவிடுவார்கள் என்று அன்றைய ஆய்வுகள் கணக்கிட்டன. அதன்மேல் இரண்டு நாள் பாதுகாப்புக்காகச் சேர்த்தால் 14. தொடக்கத்தில் ஒரு முறை, பத்தாம் நாளை ஒட்டி ஒரு முறை மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். இரண்டாவது சோதனைக்கு மறுத்தால் இன்னும் 10 நாள் உள்ளேயே இருக்க வேண்டும். இந்தக் கணக்கை வந்தவர்களுக்கு யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருந்தால் பாதி எரிச்சல் அடங்கியிருக்கும்.

அறையில் ஒரு நாள் எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கதவு தட்டும் ஓசைதான் அங்கே கடிகாரம். ஓசை கேட்டதும் திறக்கக் கூடாது. உணவுப் பையை வாசலில் வைத்தவர் நகர்ந்துபோகக் காத்திருந்து, முகக்கவசம் அணிந்து, கதவைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு உடனே சாத்திவிட வேண்டும். தாழ்வாரத்தின் கோடியில் நாற்காலி போட்டு ஒரு காவலாளி உட்கார்ந்திருப்பார். அந்தச் சில விநாடிகளில் எதிர் அறைக்காரரின் முகம் தெரிந்தால் அது அன்றைய பெரிய நிகழ்ச்சி. காகிதப் பைக்குள் ஆறிப்போன பாஸ்தா, ஒரு ரொட்டி, ஒரு ஆப்பிள். சைவம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு நாள்தோறும் இலைக் கலவையும் உருளைக்கிழங்கும் வந்தன. ஒவ்வாமை உள்ளவர்களின் உணவு பற்றிய புகார்கள் மெல்பர்னில் பின்னாளில் நடந்த விசாரணை வரைக்கும் போயின. அறைக்குள் சமைக்கத் தடை இருந்தது. தீ எச்சரிக்கை மணி அடித்தால் முழுக் கட்டடத்தையும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதால் அந்தத் தடையில் நியாயம் உண்டு. நம்மவர்கள் வெந்நீர்க் கெட்டிலையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். உள்ளூர் உறவினர் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த சாதத்தை வாங்கப் பல ஹோட்டல்கள் மறுத்தன. கடையிலிருந்து வரவழைத்தால் ஏற்றன.

துணியைக் குளியல் தொட்டியில் அலசிக் காயப்போட்டார்கள். அறையைத் தாங்களே கூட்டினார்கள். படுக்கை விரிப்பு வேண்டுமென்றால் புதியது வாசலுக்கு வரும், பழையதைப் பையில் கட்டி வெளியே வைக்க வேண்டும். தினம் ஒரு முறை செவிலியர் தொலைபேசியில் அழைத்துக் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். முதல் இரண்டு கேள்விக்கும் உண்மையைச் சொன்ன பலர் மூன்றாவதற்கு ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்லி வைத்தார்கள். இரண்டு வயதுக் குழந்தையோடு ஒற்றை அறையில் அடைபட்ட தாய்க்கு ‘நன்றாக’ என்பது எத்தனை தூரத்தில் இருக்கும்? மாடியிலிருந்து கண்ணாடி வழியே கீழே தெருவைக் காட்டி, ‘அதோ பார், சித்தப்பா கையசைக்கிறார்’ என்று பிள்ளைகளுக்குப் பொழுது போக்கினார்கள். உறவினர்கள் நடைபாதையில் நின்று அட்டையில் எழுதிக் காட்டினார்கள். சிட்னியின் பெரும்பாலான ஹோட்டல்களில் 14 நாளும் அறைவாசலுக்கு வெளியே காலடி வைக்க முடியாது. வெளிக்காற்று என்பது, ஜன்னல் திறந்தால் மட்டும் கிடைத்த ஒன்று.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2020 பிப்ரவரியிலேயே, அதாவது ஆஸ்திரேலியாவின் ஹோட்டல் கதவுகள் சாத்தப்படுவதற்கு முன்பே, தனிமைப்படுத்தல் மனத்தை என்ன செய்யும் என்பது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி லான்செட் இதழில் எழுதினார்கள். மனத்தை நோகடிப்பவை எவை என்று அவர்கள் கண்டது: நீளும் நாட்கள், தொற்றிவிடுமோ என்ற அச்சம், சலிப்பு, தேவையான பொருள் கிடைக்காமை, தகவல் கிடைக்காமை, பண நட்டம், வெளியே வந்தபின் ஊரார் ஒதுக்குவது. சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டக் கூடாது, ஏன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஆகவே யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று எதையும் சொல்ல முடியாது.

தமிழ் வீடுகளுக்குத் தனிமைப்படுத்தல் புதிதல்ல. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியார் உள்ளே வருவதில்லை; அந்த வீட்டாரும் விசேஷங்களுக்குப் போவதில்லை. ஆனால் படுத்திருப்பவரின் பக்கத்தில் வேப்பிலையால் வருடிவிட ஒரு பாட்டி இருப்பார். இளநீர் வரும், நுங்கு வரும், வேளைக்குக் கூழ் வரும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் இன்னது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கத்தின் மருத்துவத்தைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம். ஆனாலும் ஒருவரை ஒதுக்கி வைப்பவர்களுக்கு அவரைப் பார்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு என்ற அறிவு அதில் இருந்தது. ஹோட்டல் தாழ்வாரங்களில் பலர் தேடிக் கிடைக்காமல் போனது அதுதான்.

ஆஸ்திரேலியாவுக்கும் இது புதிதல்ல. சிட்னித் துறைமுகத்தின் வாயிலில், நார்த் ஹெட் என்ற பாறை முனையில், 1830-களிலிருந்து 1984 வரை ஒரு தனிமை நிலையம் இயங்கியது. அம்மை, டைஃபாய்டு, பிளேக், ஸ்பானிஷ் காய்ச்சல் என்று கப்பலோடு வந்த எல்லா நோய்க்கும் அங்கேதான் நிறுத்தம். கடற்காற்று நேராக வீசும் இடம். தனித்தனிக் கட்டடங்கள், நீண்ட திண்ணைகள், நோயுற்றோருக்கு வேறு பகுதி, ஐயத்துக்குரியோருக்கு வேறு பகுதி. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, ஆசியர் என்று தங்குமிடத்தைப் பிரித்து வைத்த கொடுமையும் அங்கே நடந்தது. காத்துக் கிடந்தவர்கள் தங்கள் பெயரையும் கப்பலின் பெயரையும் பாறையில் செதுக்கிவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட பொறிப்புகள் ஆயிரத்துக்கு மேல் இன்னும் இருக்கின்றன.

1919 பிப்ரவரியில், முதல் உலகப் போரிலிருந்து ஆர்கைல்ஷயர் என்ற கப்பலில் திரும்பிய ஏறக்குறைய ஆயிரம் படைவீரர்களை ஸ்பானிஷ் காய்ச்சலுக்கு அஞ்சி அங்கே இறக்கினார்கள். பாம்பும் உண்ணியும் மொய்க்கும் இடத்தில் கூடாரம், மோசமான சாப்பாடு. பொறுக்க முடியாமல் அவர்கள் அணிவகுத்து வெளியேறி, மேன்லியிலிருந்து படகேறி நகரத்துக்கே வந்துவிட்டார்கள். கடைசியில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் அவர்களைத் தங்கவைத்துத் தனிமைக் காலத்தை முடித்தார்கள். போரில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் நோய்த்தடுப்பின் தேவையை அறியாதவர்கள் அல்ல. தங்களை மனிதர்களாக நடத்தவில்லை என்பதே அவர்களின் கோபம். நூறு ஆண்டு கழித்து ஹோட்டல் அறைகளிலிருந்து வந்த புகார்களிலும் இதே குரலைத்தான் நான் கேட்கிறேன்.

நார்த் ஹெட் நிலையம் இன்று ஒரு ஹோட்டல். தனிமைப்படுத்துவதற்கென்றே கட்டிய இடத்தில் சுற்றுலாப் பயணிகள் தங்க, சுற்றுலாப் பயணிகளுக்கென்று கட்டிய இடத்தில் தனிமைப்படுத்தப்பட்டவர்கள் அடைபட்டார்கள். விமானப் பயணமும் தடுப்பூசியும் வந்தபின் பெருந்தொற்றுக் காலம் முடிந்துவிட்டது என்று நம்பி, ஒரு நாடு நூற்றைம்பது ஆண்டு அறிவைக் கைவிட்டதன் விளைவு இது.

இதில் யார் பொறுப்பு என்பதிலும் குழப்பம் இருந்தது. ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 51-ஆம் பிரிவு தனிமைப்படுத்தலை மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. 1908-லேயே அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. ஆனால் 2020-இல் எல்லையை மூடுவதும் விமானங்களை அனுமதிப்பதும் மத்திய அரசின் கையில், ஹோட்டல்களை நடத்துவது மாநிலங்களின் கையில் என்று பிரிந்துபோனது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் போலீஸ் தலைமையில் நடத்தினார்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் காவல் வேலையைத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். அந்த நிறுவனங்கள் துணை ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்தன. கடைசியில் தாழ்வாரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், சரியான பயிற்சி கிடைக்காத, மணிக்கணக்குக் கூலிக்கு இரண்டு மூன்று இடங்களில் வேலை பார்க்கும் ஒருவர். உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தால் அவருக்கு அன்றைய கூலி கிடையாது.

2020 மே மாதக் கடைசியில் மெல்பர்னின் ரிட்ஜஸ் ஹோட்டலிலிருந்து வைரஸ் ஊழியர்கள் வழியாக வெளியே போனது. ஜூன் நடுவில் ஸ்டாம்ஃபோர்ட் பிளாசா என்ற இன்னொரு ஹோட்டலிலிருந்தும் போனது. விக்டோரியாவின் இரண்டாம் அலை இப்படித்தான் தொடங்கியது. நீதிபதி ஜெனிஃபர் கோட் தலைமையில் நடந்த விசாரணை, அந்த அலையின் தொற்றுகளில் ஏறக்குறைய 90 விழுக்காட்டின் வேர் ரிட்ஜஸ்தான் என்று கண்டது. 18,000-க்கு மேற்பட்டோருக்குத் தொற்று, 768 சாவு. இறந்தவர்களில் மிகப் பலர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். மெல்பர்ன் நூறு நாளுக்கு மேல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. தனியார் காவலர்களை வைப்பது என்று முடிவெடுத்தது யார் என்று விசாரணையில் அமைச்சரிலிருந்து அதிகாரிவரை ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். தான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

காவலர்களைப் பழிப்பது எளிது, பலரும் அதைத்தான் செய்தார்கள். அதைவிட முக்கியமான கேள்வி காற்றைப் பற்றியது. தொடக்கத்தில் இந்தத் தொற்று, தும்மல் இருமலில் தெறிக்கும் துளிகளாலும் கைபட்ட பரப்புகளாலும் பரவுகிறது என்றே அதிகாரபூர்வமாக நம்பினார்கள். அதனால் லிஃப்ட் பொத்தானைத் துடைத்தார்கள், கை கழுவினார்கள், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றார்கள். பிரிஸ்பேனில் பணியாற்றும் காற்றுத்துகள் அறிஞர் லிடியா மொராவ்ஸ்கா, 2020 ஜூலையில் இன்னொரு அறிஞரோடு சேர்ந்து, 239 ஆய்வாளர்களின் ஆதரவோடு ஒரு திறந்த மடல் எழுதினார். மூச்சில் வரும் நுண்துகள்கள் மூடிய அறையில் நீண்ட நேரம் மிதக்கின்றன, ஆகவே காற்றோட்டத்தைக் கவனியுங்கள் என்பது அதன் சாரம். ஆஸ்திரேலியாவிலேயே இருந்த இந்த அறிவு ஹோட்டல் தாழ்வாரத்துக்கு வந்து சேர மாதங்கள் ஆயின.

உயர்மாடி ஹோட்டலின் ஜன்னல் திறக்காததற்குக் காரணம் குளிரூட்டலும், மேலிருந்து யாரும் விழுந்துவிடக் கூடாது என்பதும். உள்ளே காற்று சுழல்வது விருந்தினரின் சுகத்துக்காக. நோயாளியின் மூச்சு வெளியேறுவதற்காக அல்ல. மருத்துவமனையில் தொற்றுநோயாளியின் அறைக்குள் காற்றழுத்தத்தைக் குறைவாக வைப்பார்கள். கதவைத் திறந்தால் தாழ்வாரத்துக் காற்று உள்ளே போகுமே தவிர உள்ளேயிருப்பது வெளியே வராது. ஹோட்டல் அறையில் அந்த ஏற்பாடு இல்லை. பல அறைகளில் நிலைமை நேர்மாறாகவே இருந்தது. தொற்றாளர் உணவுப் பையை எடுக்கக் கதவைத் திறக்கும்போது, நாள் முழுதும் அவர் விட்ட மூச்சு தாழ்வாரத்துக்கு வருகிறது. அங்கே ஜன்னல் கிடையாது, காற்று போக வழியில்லை. சில நிமிடம் கழித்து எதிர் அறைக்காரர் தன் பையை எடுக்கக் கதவைத் திறக்கிறார்.

2021-இல் இப்படித் தொடர்ந்து நடந்தது. ஏப்ரலில் பெர்த்தின் மெர்க்யூர் ஹோட்டலில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு தம்பதியிடமிருந்து தாழ்வாரம் தாண்டி மற்ற அறைகளில் இருந்தவர்களுக்குத் தொற்று போனது. அதில் ஒருவர் தன் 14 நாளை முடித்து, தொற்று இல்லை என்ற சான்றோடு வெளியே வந்து, மெல்பர்னுக்குப் பறந்தபின் தொற்று தெரிந்தது. பெர்த் நகரமே மூன்று நாள் மூடப்பட்டது. அந்த ஹோட்டலின் காற்றோட்டம் சரியில்லை என்று சில வாரம் முன்பே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. மே மாதம் அடிலெய்டின் பிளேஃபோர்ட் ஹோட்டலிலும் பக்கத்து அறையிலிருந்து ஒருவருக்குத் தொற்றியது. அவரும் விடுவிக்கப்பட்டு விக்டோரியாவுக்கு வந்த பிறகே அது தெரிந்தது. எத்தனை கொடுமை இது! தொற்று இல்லாமல் வந்தவர், விதி ஒன்றையும் மீறாதவர், பிறரைக் காப்பதற்காக அடைபட்டிருந்த அறையிலேயே தொற்றை வாங்கிக்கொண்டார்.

இதற்குப் பழி மட்டும் பயணிகள்மேல் விழுந்தது. பிப்ரவரியில் மெல்பர்ன் விமான நிலையத்தருகே ஹாலிடே இன் ஹோட்டலில் தொற்று பரவியபோது, ஆஸ்துமா உள்ள ஒரு பயணி பயன்படுத்திய, மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் நெபுலைசர் கருவியைக் காரணமாகச் சொன்னார்கள். செய்திகளில் அவர் ஊரையே முடக்கிய குற்றவாளிபோல் ஆனார். அதைப் பயன்படுத்தத் தனக்கு அனுமதி தரப்பட்டிருந்தது என்று பின்னர் அவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இதே காலத்தில், மூச்சுவிட இடமுள்ள ஒரு முகாமும் நாட்டில் இருந்தது. டார்வின் நகருக்கு வெளியே ஹோவார்ட் ஸ்பிரிங்ஸ். இயற்கை எரிவாயு நிறுவனம் ஒன்று தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிவிட்டு, வேலை முடிந்ததும் விட்டுப்போன குடியிருப்பு அது. 2020 பிப்ரவரியில் வூகானிலிருந்து அழைத்துவந்தவர்களையும், தொற்று பரவிய டைமண்ட் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பலில் இருந்தவர்களையும் அங்கே தங்கவைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து சிறப்பு விமானங்களில் வந்தவர்கள் அங்கே போனார்கள். தரைமட்டத்தில் தனித்தனிச் சிறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குளிரூட்டி, பொதுத் தாழ்வாரம் கிடையாது. கதவைத் திறந்தால் திண்ணை, அதற்கப்பால் வானம். சாயங்காலம் திண்ணையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தள்ளியிருக்கும் பக்கத்து அறைக்காரரோடு முகக்கவசத்தோடு பேசலாம். பேரிடர் மருத்துவத்தில் பழகிய குழு அதை நடத்தியது. வெப்பமும் புழுக்கமும் கொல்லும். சாப்பாடு அங்கேயும் பெட்டியில்தான் வந்தது. அப்படியும் அங்கே இருந்தவர்களின் நினைவுகளில் கசப்பு குறைவு. ஹோட்டல்களிலிருந்து அடுத்தடுத்துக் கசிவு நடந்த அந்தக் காலம் முழுதும் ஹோவார்ட் ஸ்பிரிங்ஸிலிருந்து ஊருக்குள் தொற்று போகவில்லை. இருந்தவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. மனிதரை இரக்கத்தோடு நடத்தினால் நோய்த்தடுப்பு தளர்ந்துபோகும் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

அப்படி இன்னும் பத்து முகாம்கள் ஏன் எழவில்லை? மாநிலங்கள் மத்திய அரசைக் கேட்டன. மத்திய அரசு ஹோட்டல் முறை நன்றாகவே வேலை செய்கிறது என்றது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அந்தப் பதிலில் ஓர் உண்மை உண்டு: 2020 முழுவதிலும் ஆஸ்திரேலியாவில் கோவிட் சாவு 909. உலகம் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த ஆண்டில் அது பெரிய சாதனை. அந்தச் சாதனையில் அடைபட்டுக் கிடந்த பயணிகளுக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கட்டண ரசீதைத்தான் அனுப்பினார்கள். நியூ சவுத் வேல்ஸில் 2020 ஜூலையிலிருந்து முதல் பெரியவருக்கு 3,000 டாலர், கூட வரும் பெரியவருக்கு 1,000, குழந்தைக்கு 500. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளுமாகத் திரும்பினால் 5,000 டாலர்.

அதற்குமுன் விமானத்தில் இடம் கிடைக்க வேண்டும். ஹோட்டல் அறைகளின் கணக்குக்கு ஏற்றபடி வருவோர் எண்ணிக்கைக்கும் 2020 ஜூலையில் உச்சவரம்பு வைத்தார்கள். ஒரு விமானத்துக்கு 30 பேர், 50 பேர் என்றால் விமான நிறுவனங்கள் யாரை ஏற்றும்? உயர் வகுப்பு டிக்கெட் வாங்கியவர்களை ஏற்றின. சாதாரண டிக்கெட் வைத்திருந்தவர்கள் கடைசி நேரத்தில் மறுபடி மறுபடி நீக்கப்பட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில், திரும்ப முடியவில்லை என்று அரசிடம் பதிவு செய்திருந்தவர்கள் 35,000-க்கு மேல். 2021 ஜூலையில் அந்த வரம்பையும் பாதியாக வெட்டி, வாரத்துக்குச் சுமார் 3,000 ஆக்கினார்கள்.

இந்த இடத்தில் தமிழ்க் குடும்பங்களின் கதை வருகிறது. 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கு மேல். இவர்களில் பலருக்கு அப்பா அம்மா தமிழ்நாட்டில் அல்லது இலங்கையில். ஆஸ்திரேலியா உள்ளே வருவதற்கு மட்டுமல்ல, தன் குடிமக்கள் வெளியே போவதற்கும் 2020 மார்ச் 25 முதல் தடை போட்டிருந்தது. சாகக் கிடக்கும் தாயைப் பார்க்கப் போகவும் மனுப் போட்டு, மருத்துவச் சான்று காட்டி, அனுமதி வாங்க வேண்டும். போனவர்களுக்குத் திரும்பும் தேதி கையில் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நாற்பது நாள் கழிந்து, மாதங்களும் கழிந்தன. இந்தப் பக்கம் வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கடைசியில் இடம் கிடைத்துத் திரும்பியவர், கொள்ளி வைத்த கையோடு, யாரும் வந்து துக்கம் கேட்க முடியாத அறையில் 14 நாள் தனியாக இருந்தார். துக்க வீட்டில் ஆள் கூடுவது ஏன் என்பது, அந்த அறையில் இருந்தவர்களுக்குப் புரிந்த மாதிரி வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

2021 ஏப்ரலில் இந்தியாவில் டெல்டா அலை எழுந்தது. ஆஸ்திரேலியத் தனிமை முகாம்களில் கண்ட தொற்றுகளில், இந்தியாவில் தொற்றியவை மார்ச்சில் 10 விழுக்காடாக இருந்து 57 விழுக்காடாக உயர்ந்துவிட்டன என்று அரசு சொன்னது. பெர்த் கசிவு நடந்த சில நாட்களிலேயே, ஏப்ரல் 27 அன்று, இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை நிறுத்தினார்கள். ஏப்ரல் 30 பின்னிரவில் அடுத்த அறிவிப்பு வந்தது: வருவதற்கு முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்தவர், ஆஸ்திரேலியக் குடிமகனே ஆனாலும், வேறு நாடு வழியாகச் சுற்றி வந்தாலும், மே 3 முதல் நாட்டுக்குள் நுழைவது குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை, 66,600 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த நாட்டுக்குத் திரும்புவதைக் குற்றமாக்கிய அந்த ஆணை உயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொற்று உச்சத்தில் இருந்தபோது அங்கிருந்து வந்தவர்களுக்கு இப்படி ஓர் ஆணை வந்ததில்லை. இதைச் சுட்டிக்காட்டியவர்கள் இனப்பாகுபாடு என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஐபிஎல் ஆடப்போன ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர்கள்கூட மாலத்தீவுக்குப் போய்க் காத்திருக்க நேர்ந்தது. பெங்களூரில் சிக்கிய 73 வயது முதியவர் ஒருவர் தொடுத்த வழக்கின் முதற்பகுதியை மே 10 அன்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அப்போது இந்தியாவிலிருந்து திரும்பப் பதிவு செய்திருந்த ஆஸ்திரேலியர்கள் ஏறக்குறைய 9,000 பேர். அவர்களில் 170-க்கு மேற்பட்டோர் பெற்றோர் உடன் இல்லாத சிறுவர் சிறுமியர் என்பது நாடாளுமன்றக் குழு முன்னால் வெளிவந்தது. தாத்தா பாட்டியிடம் சில மாதம் இருக்கட்டும் என்று விட்டுவந்த பிள்ளைகள் ஓராண்டுக்கு மேல் அப்பா அம்மாவைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வயதில் விட்டுவந்த குழந்தை மூன்று வயதில் திரையில் தெரியும் தாயை யாரோ போலப் பார்ப்பதை எந்த உச்சவரம்புக் கணக்கில் சேர்ப்பது?

தடை மே 15 அன்று நீங்கியது. அன்று டெல்லியிலிருந்து டார்வினுக்கு வந்த முதல் விமானத்தில் 150 பேர் வரவேண்டியது. சோதனையில் நாற்பதுக்கு மேற்பட்டோருக்குத் தொற்று என்று வந்ததால், அவர்களையும் அவர்களோடு நெருங்கியிருந்தவர்களையும் விட்டுவிட்டுச் சுமார் 80 பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. நேராக ஹோவார்ட் ஸ்பிரிங்ஸ், திண்ணை உள்ள அறைகள். அந்த முகாமின் கொள்ளளவு இரண்டு வாரத்துக்கு 850 பேரிலிருந்து 2,000 பேராக உயர்ந்தது அந்த மாதங்களில்தான். ஓராண்டு முன்னால் இது நடந்திருந்தால், இப்படிப்பட்ட இடங்கள் இன்னும் நான்கு இருந்திருந்தால், ஏப்ரல் ஆணைக்குத் தேவையே வந்திராது. தொற்றோடு வருபவரையும் ஏற்றுக்கொண்டு வைத்தியம் பார்க்க இடம் இல்லாததால்தான் வருவதே குற்றமானது.

தனிமை மையங்களை மத்திய அரசு கடைசியில் கட்டியது. மெல்பர்னுக்கு வடக்கே மிக்கிள்ஹாமில் ஒன்று. பிரிஸ்பேன், பெர்த் நகரங்களை ஒட்டி ஒவ்வொன்று. குயின்ஸ்லாந்து மாநில அரசும் டூவும்பா அருகே வெல்கேம்ப்பில் தனியாக ஒன்று எழுப்பியது. தரையோடு ஒட்டிய அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் காற்றோட்டம், வெளியே உட்கார இடம். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸ் 2021 நவம்பர் 1 அன்று கட்டாயத் தனிமையை நீக்கிவிட்டது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. மிக்கிள்ஹாமும் வெல்கேம்ப்பும் திறந்தது 2022 பிப்ரவரியில். அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டும் மூடப்பட்டன.